போர்வை விற்க வந்தவர்

மதிப்பிற்குரிய ஐயா,

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் அண்மையில் இரண்டு முறை சங்கிலிப் பறிப்பு நடந்துவிட்டது. இரண்டு முறையும் பைக்கில் வந்தவர்கள். தெருமுனை விளக்கும் எரிவதில்லை. அதனால் அறிமுகமில்லாதவர் யார் வந்தாலும் படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். சென்ற வாரம் போர்வை விற்க வந்த வடமாநில இளைஞர் ஒருவரைக் கேட்டைப் பூட்டி நிறுத்தி, ஆதார் கேட்டு இரண்டு மணி நேரம் விசாரித்தோம். படத்தை இணைத்துள்ளேன். எச்சரிக்கையாக இருப்பது தவறா?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, முதுகுக்குப் பின்னால் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போகும். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோளில் மடித்த போர்வைகள், கையில் தண்ணீர் பாட்டில், கதவு எண்ணை அண்ணாந்து பார்க்கும் முகம். அந்த முகத்தைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டு ‘உஷார்’ என்று எழுதியிருக்கிறார். பைக்கில் வந்தவர்கள் செய்த குற்றத்துக்கு, நடந்து வந்தவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

தன் கண்ணெதிரே கடுமையான குற்றம் செய்தவரையோ, தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவரையோ மட்டுமே பொதுமக்கள் பிடித்து வைக்கலாம். அப்படிப் பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு. போர்வை விற்க வந்தவர் உங்கள் கண்ணெதிரே எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தில் சட்டத்தை மீறியவர்கள் நீங்கள்தான்.

2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஆதரவின்றித் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே மாதம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரும் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

இதை நம் பகுதிக்காரர்கள் செய்வது கூடுதலாக வலிக்கிறது. துறைமுகத்துக்கும் பின்னி ஆலைக்கும் பிழைப்புத் தேடி வந்தவர்களால் வளர்ந்தது வடசென்னை. இன்றைக்கும் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி சொன்னதும் வாடகை வீடு மறுக்கப்படும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள். அது வேறெந்தக் குழுவுக்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் இவர் மீது எந்தப் புகாரும் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். புதியவர் வந்தால் ‘யாரைப் பார்க்கணும்?’ என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டால் போதும். குற்றம் நடப்பதைக் கண்டால் 112க்கு அழையுங்கள்; வண்டி எண்ணைக் குறித்துக் காவல் நிலையத்தில் மட்டும் கொடுங்கள். தெருமுனை விளக்குக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, அது எரியும் வரை சங்கத்தின் பெயரில் விடாமல் கேளுங்கள்.