ஒரே உடம்புக்கு ஒரு கடையில் எம், இன்னொரு கடையில் டபுள் எக்ஸெல். ஏன் இப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி நெருங்கினால் இதே கேள்விதான் என் காதில் விழும். அந்த எழுத்தைத் தீர்மானிப்பது, 'நம் துணியை உடுத்துகிறவள் இப்படித்தான் இருப்பாள்' என்று கம்பெனி மனதில் வரைந்து வைத்திருக்கும் பெண்.

ரெடிமேட் தைப்பவர்கள் முதலில் ஒரு மாடல் உடம்புக்கு வெட்டுவார்கள். பிறகு அதையே அங்குலக் கணக்கில் கூட்டிக் குறைத்து மற்ற அளவுகளை எடுப்பார்கள். மார்பு கூடினால் தோளும் சேர்ந்து கூடும். என்னிடம் வரும் தோட்டத்து அக்காக்கள் சிலருக்குத் தோள் குறுகல், மேல்கை திரட்சி. கைக்குப் பார்த்து எடுத்தால் தோள் சரியும். தோளுக்குப் பார்த்து எடுத்தால் கை முழங்கையோடு நின்றுவிடும்.

அமெரிக்காவில் 1939-40இல் அரசாங்கமே சுமார் 15,000 பெண்களை நிறுத்தி, ஆளுக்கு 59 அளவு எடுத்தது. கடைசியில் வெள்ளைக்காரப் பெண்களின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 1958இல் வந்த தர அளவு, நம் புலவர்கள் பாடிய துடியிடை உடம்பையே மாதிரியாகக் கொண்டது. எத்தனை பேருக்கு அப்படி இடை இருக்கும்? 1983இல் அதைக் கைவிட்டார்கள். அப்புறம் கம்பெனிகள் வாங்குகிறவர்களின் மனம் குளிர லேபிளில் போடும் அளவு எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தன. அன்று 8 போட்ட உடம்பு இன்று அங்கே பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விட்டது.

என் அம்மா காலத்தில், "கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தான் புடவை நிற்கும்" என்பார்கள். இப்போது அதே உடம்போடு வரும் காலேஜ் பிள்ளை, பஞ்சாபி சூட்டை நீட்டி, "அக்கா, முதலில் இந்த எக்ஸெல் லேபிளைப் பிரித்துவிடுங்கள்" என்கிறாள். அவளுக்குச் சட்டை கச்சிதமாகத்தான் இருந்தது! மலாய்ப் பெண்கள் உடுத்தும் தளர்வான பாஜு கூரோங்கில் இந்த வம்பு குறைவு. அந்த வெட்டு இடையைப் பிடிப்பதே இல்லை.

ஆன்லைனில் வாங்கினால் எழுத்தை விட்டுவிட்டு மார்பு, மேல்கை அங்குலத்தைப் பாருங்கள். இடை தொளதொளவென்று இருந்தால் பிடித்துவிடலாம். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கினால் உள்பக்கம் திருப்பித் தையலோரம் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு அங்குலம் இருந்தால் பிரித்துத் தருவேன். நூல் பிரியாமல் இருக்க ஓரத்தில் ஓவர்லாக் அடித்து ஒட்ட நறுக்கியிருந்தால் அக்குளில் துண்டு வைத்துத்தான் தைக்க வேண்டும், கூலியும் கூடும்.