கூடி அமர ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயது 63. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருக்கிறேன். பரிகாரம், தீட்டு, சாதி பார்க்கும் மடம் எதிலும் மனம் ஒட்டவில்லை. கடவுளே இல்லை என்பவர்களோடும் இருக்க முடியவில்லை. ஒரு குருவின் காலில் விழவும் விருப்பமில்லை. என்னைப் போன்றவர்களோடு கூடி அமர இந்த வயதில் இடம் கிடைக்குமா?

கே.

அன்புள்ள கே.,

கிடைக்கும். ஆனால் கருத்து ஒத்தவர்களை மட்டும் தேடாதீர்கள். அப்படிக் கூடினால் இரண்டு மாதம் பேச்சு களைகட்டும். பிறகு சொன்னதையே சொல்லிச் சொல்லிக் கூட்டம் கரைந்துவிடும். மௌனமாக அமர்வதோ, ஓதுவதோ, சோறு போடுவதோ, சேர்ந்து செய்ய ஒன்று உள்ள இடமாகப் பாருங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் இருக்கிறது. 1950இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் காவிரிக்கரையில் தொடங்கிய கத்தோலிக்க ஆசிரமம். தினமும் மூன்று வேளை வழிபாடு. விவிலியத்தோடு மற்றச் சமய நூல்களும் வாசிப்பார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் தங்குங்கள். காலையில் போய் மாலையில் திரும்பினால் கோயிலைத்தான் பார்த்திருப்பீர்கள். காய் நறுக்க உட்கார்ந்தால்தான் மனிதர்களைத் தெரியும்.

வடலூர் போவதானால் தைப்பூசக் கூட்டத்தில் போகாமல் சாதாரண நாளில், வந்தவர்க்கெல்லாம் சோறு போடும் தருமச்சாலைக்குப் போங்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பந்தியில் பரிமாறக் கை கொடுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: அங்குள்ள வழிபாட்டிடமான சத்திய ஞான சபைக்குள் கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவர்கள் மட்டுமே நுழைய வேண்டும் என்பது விதி. சாதியும் சடங்கும் வேண்டாம் என்றவரின் படத்துக்கே அவர் வழியில் நடக்கும் சில ஊர்ச் சன்மார்க்க சங்கங்களில் முழுப் பூசை நடப்பதும் உங்களுக்கு உறுத்தலாம்.

எந்த இடமானாலும் தலைமையில் இருப்பவரிடம் எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருகிறதா, பக்கத்திலிருப்பவர் உங்கள் தோளைத் தட்டி அமர்த்துகிறாரா என்று பாருங்கள். விலகிப்போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். முதல் ஆண்டு நன்கொடை வேண்டாம், உழைப்பைக் கொடுங்கள்.

எதுவும் பொருந்தாவிட்டால் நாலைந்து பேரோடு நீங்களே தொடங்கலாம். வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே வீடு. வீட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் இந்த வாரம் எங்கே என்ற குழப்பத்திலேயே வரவு குறையும். 20 நிமிடம் மௌனம். பிறகு உங்கள் ஊரில் வாழ்ந்த தாயுமானவரிலிருந்து ஒரு பாட்டு, நிதானமாக இரண்டு முறை. அதன்பின் ஆளுக்கு 3 நிமிடம், யாரும் குறுக்கிடாமல். கடிகாரம் பார்க்கும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு. இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். விட்டால் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் மூன்றாம் மாதமே பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவார், மற்றவர்களும் கேட்டே பழகிவிடுவார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன குரு அப்படித்தான் உருவாகிறார்.

காபி போதும். ஒருவர் சுண்டல் கொண்டுவந்தால் அடுத்த வாரம் இன்னொருவர் கேசரியோடு வருவார். செய்துவர முடியாதவர் வரவே கூசுவார். வாட்ஸ்ஆப் குழுவில் நேரம் மட்டும் போடுங்கள். தேர்தல் சமயத்தில் ஒரு ஃபார்வர்டு வந்தால் போதும், இரண்டு பேர் நின்றுவிடுவார்கள்.

தரைத்தள வீடாகப் பாருங்கள், எல்லோருக்கும் நாற்காலி போடுங்கள். முழங்கால் வலியைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். மாலை 4 மணி என்றால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.