ஸ்டியரிங் பொக்ஸ் மறுபடி ஒழுகுகிறது, கராஜ்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கிராண்ட்பாஸில் லொறி வைத்து ஹயர் ஓடுகிறேன். பவர் ஸ்டியரிங் கியர் பொக்ஸில் ஒயில் லீக் என்று பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் கொடுத்தேன். சீல் கிட் (ஒயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றி 78,000 ரூபாய் பில் தந்தார்கள். 50,000 கட்டிவிட்டேன். "ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு" என்று அந்த கராஜ் பாஸ் (மெக்கானிக்) வாயால் சொன்னார். மூன்றாம் கிழமையே கீழ் ஷாஃப்டில் அதே இடத்தில் லீக். கேட்கப் போன மச்சானைப் பலர் முன்னால் ஏசி அனுப்பிவிட்டார். லீசிங் கட்ட வேண்டுமே என்று தினமும் காலையில் ஒயில் ஊற்றி ஓட்டுகிறேன். வேறொரு பாஸ் கழற்றிச் சரிபண்ணித் தருகிறேன் என்கிறார். செய்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் பொக்ஸைக் கழற்றிய பிறகு போடுவதற்கு அனேகமாக வழக்கே இருக்காது.

மச்சானை ஏசியதை விடுங்கள், அதற்கு யாரும் காசு தரப்போவதில்லை. வாய்மொழி உத்தரவாதத்தையும் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலே இருந்திருந்தாலும், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, சேவை தருபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே விஷயம்தான்: அது ஏன் ஒழுகுகிறது?

சீலைப் போடும்போதே அதன் விளிம்பு ஷாஃப்டின் பற்களில் பட்டுக் கிழிந்திருந்தால் கராஜ்காரர் தப்ப முடியாது. ஷாஃப்ட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், அல்லது பெயாரிங் ஆடினால், எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிற்காது. அப்போது "லொறி பழசு, நான் என்ன செய்ய?" என்பார். அதற்கும் பதில் உண்டு: சீல் போடும் முன் ஷாஃப்டைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது அவருடைய வேலை. ஆனால் இரண்டில் எது என்று காட்ட, பொக்ஸ் இப்போது இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி இதுதான். இரண்டாவது பாஸ் பொக்ஸைக் கழற்றி, பெற்றோலால் கழுவி, பழைய சீலைக் குப்பையில் போட்டுவிடுவார். கராஜில் நின்றுகொண்டு "முதல் ஆள் நாசம் பண்ணிவிட்டான்" என்று சத்தமாகச் சொல்பவர், சாட்சி சொல்லப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு வா என்றால் போன் எடுக்க மாட்டார். அப்புறம் கட்சிக்காரர் கையில் மிஞ்சுவது இரண்டு பில்லும், ஒயில் விரல் பட்டு மங்கிய ஒரு போட்டோவும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்வி கேட்பார்: "கழற்றும்போது என் கட்சிக்காரரைக் கூப்பிட்டீர்களா?" அதோடு முடிந்தது.

கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், திகதியும் இடமும் குறித்துப் பதிவுத் தபாலில் அறிவித்து, வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அவர் வராவிட்டாலும் பரவாயில்லை. வாகனப் பழுதை மதிப்பிடும் ஓர் அசெஸரை வைத்துக் கழற்றி, ஒயிலைத் துடைக்கும் முன்பே நம்பர் பிளேட் தெரியப் படம் எடுத்து, சீலையும் ஷாஃப்டையும் சொப்பிங் பேக்கில் கட்டி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தினமும் ஒயில் ஊற்றி ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். ஒயில் இறங்கி பம்ப் கெட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். வழியில் ஸ்டியரிங் இறுகி யாரையாவது அடித்தால், பழுது தெரிந்தே ஓட்டியவர் நீங்கள். காப்புறுதிக் கம்பனியும் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஹயர் போன நட்டத்தையும் கேட்கலாமா என்று யோசிப்பீர்கள். கேட்டால் வருமானத்தைக் காட்ட வேண்டும். வரிக் கோப்பில் ஒன்று, வழக்கில் இன்னொன்று என்று இருந்தால் அந்தப் பேச்சை எடுக்காமலிருப்பதே நல்லது.

இந்தத் தொகைக்கு மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வாங்காமல் நீதிமன்றத்துக்குள் நுழைய முடியாது. அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வதானால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படியும் மேசையில் உட்காரத்தான் போகிறீர்கள், ஆகவே இப்போதே உட்காருங்கள்.

நானாக இருந்தால் இப்படி முடிப்பேன்: முதல் கராஜ்காரரே மறுபடி செய்து தரட்டும்; கூலி அவருடையது, ஷாஃப்ட் மாற்ற வேண்டி வந்தால் சாமானின் விலை உங்களுடையது. லொறியை உள்ளே விடும் முன் இதை எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மீதி 28,000க்காக அவர் லொறியைப் பிடித்து வைப்பார். அப்போது ஸ்பெயார் திறப்போடு இரவில் போய் எடுத்து வராதீர்கள். கூலிக்காகச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கும் பொருளை எடுத்தால், சொந்தப் பொருளாக இருந்தாலும் அது திருட்டாகலாம். அந்த 28,000ஐ, லொறி ஒரு கிழமை ஓடி, சீல் காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகு தருவதாக எழுதுங்கள். "எல்லாம் தீர்ந்தது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பார். அந்த வரியைப் பணம் கொடுக்கும் நாளில் எழுதிக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.