போர்ட் ஃபார்வர்டிங்: முதலில் பார்க்க வேண்டியது வான் ஐபி

கேள்வி: கானாடுகாத்தானில் பூட்டியிருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் நான்கு கேமராக்களும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு டி.வி.ஆரும் உள்ளன. சிங்கப்பூரிலுள்ள மகன் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு, அதாவது எண்ணிட்ட வாசலுக்கு, வரும் இணைப்பை உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்பும் விதி) செய்தேன். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் படம் வருகிறது, மகனுக்கு வரவில்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் போட்ட விதியைத் திருத்துவதற்கு முன், ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வான் ஐபி’ (ஆகாயம் அல்ல, இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி) என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே வைஃபையில் இருந்தபடி, உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்த ரவுட்டரில் மேற்கொண்டு முயல்வதில் பயன் உண்டு.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், இணையச் சேவையாளர் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார் என்று பொருள். இதைச் சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு சேவையாளரின் கருவியிலேயே நின்றுவிடும் என்பதால், உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. தனிப் பொது முகவரி கேட்டுப் பெற வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு.

192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. முகப்பு ஒரு தெருவிலும் கொல்லை அடுத்த தெருவிலுமாக நீளும் செட்டிநாட்டு வீடுகளில், முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டுவதில்லை என்று உள்ளே மற்றொன்றை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பதை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட்டு, விதியை முகப்பு ரவுட்டரில் எழுதுங்கள்.

டி.வி.ஆரின் உள்முகவரியையும் டிஎச்சிபி ரிசர்வேஷன் (ஒரு கருவிக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும்படி ரவுட்டரில் செய்யும் அமைப்பு) வழியாக நிலைப்படுத்துங்கள். இல்லையெனில் ஒரு மின்தடைக்குப் பிறகு அது வேறு எண்ணை எடுத்துக்கொள்ள, உங்கள் விதி ஆளில்லாத அறையைக் காட்டிக்கொண்டிருக்கும். சோதிக்கும்போது, வெளியிலிருந்து வருவதுபோல் இருக்க, கைபேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

இருந்தாலும், டி.வி.ஆரை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்களையும்தான் கூட்டங்கூட்டமாகப் பிடித்தது. பொது முகவரி கிடைத்து, ரவுட்டரும் இடம்கொடுத்தால், வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் வர மறையாக்கம் செய்த தனிவழி) அமைத்து அதன் ஒரு போர்ட்டை மட்டும் (வழக்கமாக யுடிபி 51820) திறப்பது நல்லது. நான்கு கேமராக்களுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், டி.வி.ஆர் நிறுவனத்தின் செயலியில் கருவியின் க்யூஆர் குறியீட்டைப் பதிவு செய்யுங்கள், டி.வி.ஆரே உள்ளிருந்து வெளியே தொடர்புகொள்வதால் சிஜிநாட் அதைத் தடுக்காது. அப்படிச் செய்தால், முன்பு எழுதிய ஃபார்வர்டிங் விதியை மறவாமல் அழித்துவிடுங்கள்.