எங்கள் நிறுவன இணையதளத்தில் சாட், ரிவ்யூ, புக்கிங் விட்ஜெட்டுகள் (வேறு கம்பெனி சர்வரிலிருந்து எங்கள் பக்கத்துக்குள் வரும் பெட்டிகள்) அடிக்கடி படுத்துவிடுகின்றன. சில நேரம் தளமே திறப்பதில்லை. வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா?

மாறலாம். ஆனால் எந்தக் கம்பெனி சர்வரும் ஒரு நாள் படுக்கத்தான் செய்யும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கே ஏறத்தாழ ஆறு மணி நேரம் காணாமல் போனது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பக்கத்தை: அந்த விட்ஜெட் வராவிட்டால் அங்கே என்ன தெரியும்?

நான் காரைக்குடியில் இருந்து சுற்றுவட்டாரக் கடைகளுக்கும், கானாடுகாத்தான் பக்கம் ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளுக்கும் தளம் செய்து கொடுக்கிறேன். பலகாரக் கடை நடத்தும் ஒரு ஆச்சி போன் செய்தார்: "தம்பி, சைட்டு வெறும் வெள்ளையா நிக்குது." பார்த்தால், முன்பு யாரோ ரிவ்யூ ஸ்கிரிப்டை (அதைக் கொண்டுவரும் சிறு நிரலை), "இதற்காகப் பக்கத்தை நிறுத்தாதே" என்று பிரவுசருக்குச் சொல்லும் ஏசிங்க், டிஃபர் எதுவும் இல்லாமல், பக்கக் கோடின் தொடக்கமான ஹெட் பகுதியில் போட்டிருந்தார்கள். ரிவ்யூ கம்பெனி சர்வர் பதிலும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. பிரவுசர் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது. சீப்புச் சீடையும் மணகோலமும் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. விளக்கியதும் ஆச்சி கேட்டார்: "அவுக சர்வர் தூங்குனா நம்ம கடைய எதுக்குச் சாத்தணும்?"

செத்த சர்வரைவிட இழுத்தடிக்கும் சர்வர்தான் ஆபத்து. சோதிப்பதற்கு, குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பேனலில் அந்த விட்ஜெட் கம்பெனியின் டொமைனை பிளாக் செய்து பார்ப்பார்கள் பலர். அதில் கோரிக்கை உடனே தோற்றுவிடும், பக்கம் நன்றாகவே திறக்கும், ஆளும் நிம்மதியாகிவிடுவார். ஆனால் இழுத்தடிக்கும் சர்வரை அது காட்டாது. அதற்கு, எந்த டொமைன் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்த டொமைனை 192.0.2.1 முகவரிக்குத் திருப்பிவிட்டுத் திறந்து பாருங்கள். அங்கே பதில் சொல்ல ஆள் கிடையாது. பெரும்பாலும் அப்படியே தொங்கும். உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும்.

அப்புறம், பாதி விட்ஜெட்டுகள் தேவையே இல்லை. வாட்ஸ்அப் பட்டனுக்கு ஒரு சாதாரண லிங்க் போதும். இன்ஸ்டாகிராம் ஃபீடும் அப்படித்தான்: 2024 டிசம்பர் 4 அன்று அவர்கள் பழைய ஏபிஐ ஒன்றை (மற்ற மென்பொருள்கள் தகவல் எடுக்கும் வழியை) மூடியபோது, அதை நம்பியிருந்த விட்ஜெட்டுகள் வேலை செய்யாமல் போயின. ஆத்தங்குடி டைல்ஸ் விற்பவருக்கு, கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றும் நாலு படம் சொந்த சர்வரில் இருந்தால் போதாதா? ரிவ்யூவை, அந்தக் கம்பெனியின் விதி அனுமதித்தால், தினம் ஒரு முறை உங்கள் சர்வர் எடுத்துச் சேமித்து வைத்துக் காட்டட்டும்.

புக்கிங்கை மட்டும் எடுக்க முடியாது. அதை ஐஃப்ரேமில் (உங்கள் பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் பெட்டியில்) வையுங்கள், அது என்னென்ன செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் சாண்ட்பாக்ஸோடு. நேரடியாகப் போட்ட ஸ்கிரிப்ட், எங்கள் ஊர் வீடுகளின் வளவு (உள்முற்றம்) தாண்டி அடுப்படி வரை போகும். ஐஃப்ரேம் என்றால் வந்தவரை முகப்புத் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசுவது மாதிரி. பெட்டிக்கு உயரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அது வரும்போது பக்கம் குதிக்கும். ஐஃப்ரேம் வந்து முடிந்ததும் பிரவுசர் தரும் லோட் நிகழ்வை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே பிழைப் பக்கம் வந்தாலும் அது "வந்துவிட்டது" என்றே சொல்லும். அதனால் போன் நம்பரைப் பெட்டிக்குக் கீழே எப்போதும் தெரிகிற மாதிரி வைத்துவிடுவது என் வழக்கம். கானாடுகாத்தான் ஹோட்டல்காரர் ஒருவர் அழகு கெடுகிறது என்றார். கெடட்டும்.

பணம் கட்டும் பக்கத்தில் பேமென்ட் தவிர எந்த விட்ஜெட்டும் வேண்டாம். வெளி ஸ்கிரிப்ட் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்: பல தளங்கள் ஸ்கிரிப்ட் எடுத்துவந்த பாலிஃபில்.ஐஓ டொமைன் 2024-இல் கைமாறி, அதிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் விஷமாகிப்போனது. ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) போட்டு, ஃபைல் மாறினால் பிரவுசர் ஏற்காதபடி பூட்டலாமே என்பார்கள். மாறாத ஃபைலுக்குச் சரி, ஆனால் விட்ஜெட் கம்பெனிகள் சொல்லாமல் ஃபைலை மாற்றும், அன்றைக்கு உங்கள் பூட்டே விட்ஜெட்டை நிறுத்திவிடும்.

இதெல்லாம் செய்தபின் ஒரு மாதம், எந்த விட்ஜெட் எந்த நேரம் வரவில்லை என்று லாக் எடுங்கள். கம்பெனி மாறுவதா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம். தேதி, நேரத்தோடு பட்டியல் கையில் இருந்தால் அவர்கள் சப்போர்ட்டும் "உங்க நெட் ஸ்லோ சார்" என்று தட்டிக்கழிக்க முடியாது.