சேலத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரத்தில், படகில் உட்கார்ந்து தூண்டில் போட முடியுமா? என்னென்ன வேண்டும்?

முடியும். அதற்காகக் கடலோரத் துறைமுகம் வரை போக வேண்டாம். ஓமலூர், மேச்சேரி வழியாக சுமார் 50 கிலோமீட்டரில் மேட்டூர். அங்கிருந்து கொளத்தூர் பக்கம் போனால் அணையின் நீர்ப்பரப்பில் பண்ணவாடி, கோட்டையூர் பரிசல் துறைகள்.

முதலில் அனுமதி. அணையில் மீன் பிடிப்பது மீன்வளத்துறை உரிமம் வாங்கிய மீனவர்களின் பிழைப்பு. மேட்டூர் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, உரிமம் உள்ள மீனவர் ஒருவரிடமே பேசி அவருடைய பரிசலில் போங்கள். வலை எங்கே கிடக்கிறது, பாறை எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். உங்கள் தூண்டில் முள் அவர் வலையில் மாட்டிக் கிழித்தால் நஷ்டம் அவருக்கு. மதகுப் பக்கம் போகவே கூடாது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசலில் கால் வைக்காதீர்கள்.

தை முதல் சித்திரை வரை நல்ல பருவம். ஆடிக் காற்றில் அந்த அகலமான நீர்ப்பரப்பில் பரிசல் தாங்காது. அணையின் முழு மட்டம் 120 அடி. ஆனால் இன்றைக்கு எத்தனை அடி என்பதைவிட, நாலைந்து நாளாக மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். தினமும் பேப்பரில் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறங்கும்போது மீன் கரையோரத்தை விட்டுச் சரிவுக்கு வரும். ஒகேனக்கல் வழியாகத் திடீரென்று வெள்ளம் வந்து மட்டம் ஏறினால், புதிதாக மூழ்கிய புல்லுக்குள் மீன் பரவிவிடும், தண்ணீரும் கலங்கியிருக்கும். அந்த வாரம் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: பரிசல் அசையாமல் நிற்க வேண்டும். ராடு, ரீல், இரை எல்லாம் அதற்குப் பிறகுதான். பரிசல் வட்டமானது. நங்கூரமாக ஒரே கல்லில் கட்டினால் லேசான காற்றுக்கே சுழலும். தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) தளர்ந்துவிடும், கடி கைக்குத் தெரியாது, முள் இழுபட்டு அடியில் இருக்கும் கட்டையில் மாட்டும். "இங்கே மீனே இல்லை" என்று சொல்லித் திரும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எனவே இரண்டு கல், ஒவ்வொன்றும் 8 முதல் 10 கிலோ. கயிறு ஆழத்தைப்போல மூன்று மடங்கு வேண்டும். குறைந்தால் கல் தரையில் பிடிக்காமல் இழுபடும். 15 அடி ஆழம் என்றால், முதல் கல்லைக் காற்று வரும் பக்கம் இறக்கி, கயிற்றை 90 அடி விட்டுக்கொண்டே காற்றோடு நகருங்கள். அங்கே இரண்டாவது கல்லை இறக்குங்கள். பிறகு முதல் கயிற்றை 45 அடி இழுத்து, இரண்டாவதை அதே அளவு விட்டால் பரிசல் நடுவில் நிற்கும். இரண்டு கயிறும் விறைப்பாக இருக்க வேண்டும். எதிரெதிர் விளிம்பில், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். காற்று வலுத்தால் முதலில் அவிழ்க்க வேண்டியது காற்று போகும் பக்கத்துக் கயிறு. கையெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். பரிசலில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது; மீன் ஏறும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் கவிழ்வதற்கு வழி.

எங்கே நிறுத்துவது? நடு அணையில் வேண்டாம். கரைச் சரிவில் 10 முதல் 15 அடி ஆழம் போதும். பண்ணவாடியில் மட்டம் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மூழ்கிய ஊரின் கல்லும் சுவரும் அடியில் கிடக்கும் நீர் அது. அப்படிப்பட்ட இடத்தை ஒட்டி மீன் நிற்கும், ஆனால் முள் அதிகம் அறுபடும். மாட்டினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், நுனி ஒடியும். கையில் துணியைச் சுற்றி, தங்கூசியை நேராக, நிதானமாக இழுங்கள்.

7 அடி ஸ்பின்னிங் ராடு, 3000 அளவு ரீல், 0.30 மில்லிமீட்டர் தங்கூசி, இவை போதும். ஜிலேபி மீனுக்கு 8 அல்லது 10ஆம் நம்பர் முள், ரோகுவுக்கு 4 அல்லது 6, வாளைக்கு 1/0. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தடவுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே தங்கூசி பலவீனமாகும். ரீலின் டிராகை (மீன் பலமாக இழுத்தால் தங்கூசியை விட்டுக்கொடுக்கும் பிடி), தங்கூசி தாங்கும் எடையில் கால் பங்குக்கு வையுங்கள். 6 கிலோ தாங்கும் என்றால் ஒன்றரைக் கிலோ. லக்கேஜ் தராசின் கொக்கியில் தங்கூசியை மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மீன் இழுத்து ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள். தங்கூசி முறுக்கேறுமே தவிர, மீன் கிட்டே வராது.

தக்கையை நிலையாகக் கட்டினால் ராடின் நீளத்துக்கு மேல் ஆழம் வைக்க முடியாது. ஆகவே ஓடும் தக்கை: தங்கூசியில் ஒரு நூல் முடிச்சு, அதன் கீழ் பாசிமணி, பிறகு தக்கை, ஈயம், ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்), ஓரடித் தனித் தங்கூசி, கடைசியில் முள். நூல் முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறும். ஆழம் தெரியாத இடத்தில் முள்ளில் கனமான ஈயத்தை மாட்டி இறக்குங்கள். ஈயம் தரையைத் தொட்டு, தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தால் அதுதான் ஆழம். கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் அடியில். அதற்கேற்ப முடிச்சை ஏற்றி இறக்குங்கள்.

இரைக்கு 1 கிலோ தவிடு, அரைக் கிலோ பொடித்த கடலைப் புண்ணாக்கு, ஒட்டுவதற்குக் கால் கிலோ மைதா. புண்ணாக்கை லேசாக வறுத்தால் வாசனை தூக்கும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடமாவது கரையாமல் கிடக்க வேண்டும். அதே கலவையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன உருண்டையைத் தக்கைக்குப் பக்கத்தில் போடுங்கள். அள்ளிப் போட்டால் மீன் அதிலேயே வயிறு நிறைந்து போய்விடும். கெளுத்திக்கு மண்புழு. மாவை ஜிலேபிக் கூட்டம் கொறித்தே தீர்த்தால், முள்ளைச் சிறிதாக்கி அதையே பிடியுங்கள், அல்லது இடம் மாறுங்கள்.

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, மறுபடி நாலு மணிக்கு மேல். இடையில் வெயிலில் காய வேண்டாம்.

கெளுத்தியைப் பிடிக்கும்போது பக்கத் துடுப்பு முட்களுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடியுங்கள். குத்திவிட்டால், தாங்கும் அளவு சுடுநீரில் அரை மணி நேரமாவது கையை வையுங்கள், வலி குறையும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ கை வீங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும்; டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள்.

கட்லா, ரோகுக் குஞ்சுகள் மீன்வளத்துறை வளர்த்து விட்டவை. சின்னதாக வந்தால் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து உடனே தண்ணீரில் விடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் மீனுக்கு, கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ் கணக்கு. சேலத்துச் சித்திரை வெயிலில் அதற்குக் கொஞ்சம் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். குடலைத் துறையிலேயே எடுத்துவிட்டு, அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு என்று ஐஸ் போட்டு, உருகும் தண்ணீர் வடிய வழி வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஊறினால் சதை குழைந்துவிடும்.