விற்றவர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல்’: ஏற்காட்டுத் தாய்ப்பத்திரத்தை நம்பலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு ஏக்கர் காப்பித் தோட்டம் விலை பேசியிருக்கிறோம். 1921ஆம் ஆண்டுத் தாய்ப்பத்திரத்தில், இறந்துபோன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் சொத்தை ‘மதராஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல்’ விற்றதாக இருக்கிறது. முதலாளியின் வாரிசு யாரும் கையெழுத்திடவில்லை. பின்னாளில் லண்டனிலிருந்து யாராவது உரிமை கேட்பார்களா? – வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: வாரிசு கையெழுத்து இல்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். வாரிசு வராத இடத்தில் கையெழுத்திடுவதற்காகவே ஏற்பட்ட பதவி அது.

கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் சொந்தபந்தம் இல்லாத ஊரில் இறந்தபோது, சொத்தை அந்நாளில் மதராஸ் போன்ற மாகாணத் தலைநகரில் இருந்த உச்ச நீதிமன்றத்தின் பதிவாளரே நிர்வகித்தார். 1849ஆம் ஆண்டின் 7ஆம் சட்டம் அந்த வேலையைத் தனி அதிகாரியிடம் மாற்றியது. மதராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களுக்கு ஒவ்வோர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் வந்தார். 1874, 1913 சட்டங்களைத் தாண்டி இன்று நடப்பில் இருப்பது 1963ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இப்போதும் இயங்குகிறது. அறக்கட்டளைகளைக் கவனிக்கும் ‘அஃபிஷியல் டிரஸ்டி’ பொறுப்பும் அதே அதிகாரியிடம்தான்.

உங்கள் பத்திரம் 1913ஆம் ஆண்டுச் சட்ட காலத்தது. வெள்ளைக்காரர் ஒருவர் சேலம் மாவட்டத்தில் சொத்து வைத்துவிட்டு இறந்தால், என்ன சொத்து, உயில் உண்டா, நெருங்கிய உறவினர் யார் என்று மாவட்ட நீதிபதி மதராஸுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் உரியவர் யாரும் மனு போடாவிட்டால், அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் உயர் நீதிமன்றத்தில் நிர்வாக உரிமை ஆணை வாங்குவார். கடனை அடைத்து, மீதியை உரியவருக்கு அனுப்புவார். நிலத்தை விற்க அவருக்குத் தனியாக நீதிமன்ற அனுமதி தேவைப்பட்டதா என்று சில வழக்கறிஞர்களே குழம்புவதுண்டு. இந்துக்களின் சொத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெள்ளைக்காரர் சொத்துக்குப் பொருந்திய 1865ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் அது இல்லை. விற்ற பிறகு வாரிசு வந்து நின்றாலும் அவர் கேட்க வேண்டியது விற்ற பணத்தைத்தான், நிலத்தை அல்ல.

ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: ஆணை முதலில், விற்பனை பிறகு. பத்திரத்தின் முன்னுரைப் பத்தியில் ‘மதராஸ் உயர் நீதிமன்றம், ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன், அதாவது மூல மனு) எண் இத்தனை, தேதி இன்னது’ என்ற வரி இருக்க வேண்டும். அந்தத் தேதி கிரயத் தேதிக்கு முந்தியதாக இருந்தால் சரி. அந்த வரியே இல்லாவிட்டால், இறந்தவர் பெயரையும் இறந்த ஆண்டையும் வைத்து உயர் நீதிமன்ற அசல் பிரிவில் (ஒரிஜினல் சைடு) ஆணையின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். அது கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதிகாரியின் சொந்தப் பெயர் பத்திரத்துக்குப் பத்திரம் வேறாக இருப்பது கோளாறு அல்ல. சட்டத்தின் கண்ணில் அந்தப் பதவியே ஒரு நபர்.

அடுத்து, பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பதிவு முத்திரையில் அலுவலகப் பெயர், புத்தகம் 1 (அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேடு), தொகுதி, பக்கம், ஆவண எண் இருக்கும். எல்லை பலமுறை மாறியிருப்பதால் இன்றைய சார்பதிவகத்தை மட்டும் நம்பாமல், முத்திரையில் உள்ள அலுவலகத்தை வைத்தே நகல் கேளுங்கள். இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்குக் கையால் தேடும் மனு போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெயர் அட்டவணையில் இறந்தவர் பெயரை மட்டும் தேடிவிட்டு ‘பதிவு இல்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். பதவியின் பெயரிலும் தேடச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் உள்ள பழைய சர்வே எண் இன்றைய பட்டாவில் இருக்காது. பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்ற ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, ஏக்கர்-சென்ட் கணக்கு ஹெக்டேரோடு ஒத்துப்போகிறதா என்று நான்கு எல்லையையும் வைத்துச் சரிபாருங்கள். எங்கள் அனுபவத்தில் சிக்கல் 1921இல் இருப்பதில்லை. அதற்குப் பிறகு கைமாறிய பத்திரங்களில் ஒரு பாகப்பிரிவினையோ உயிலோ விட்டுப்போயிருக்கும். அந்த வரிசையை ஒவ்வொன்றாகக் கோருங்கள்.

1921ஆம் ஆண்டு அசலையும் கிரயத்தின்போது கேட்டு வாங்குங்கள். முப்பது ஆண்டு கடந்த ஆவணத்தின் கையெழுத்தைச் சாட்சியில்லாமல் உண்மை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால் அந்தச் சலுகை, அதை வைத்திருக்க வேண்டியவர் கையிலிருந்து வரும் அசலுக்கு, நகலுக்கு அல்ல.